நாற்பத்தொன்பது துண்டுகளும் ஒரு கணக்கும்

புடவைக் கடை வைத்திருக்கும் எவருடைய கடையிலும் மூலையில் ஒரு சாக்கு இருக்கும். ரோலின் கடைசியில் மிஞ்சிய அரை முழம், வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போன கால் மீற்றர், மாதிரிக்காக வெட்டிய துண்டு எல்லாம் அந்தச் சாக்குக்குள்தான் போகும். பெருநாள் வியாபாரம் முடிந்து கடையைத் துப்புரவாக்கும்போது கால்துடைப்பான் செய்பவர்களுக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிடுவோம். இந்த வாரம் அந்தச் சாக்கைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, கையால் தைத்து எடுக்கும் சிறிய ஒட்டுப் போர்வை இன்றைய பாடம். “வியாபாரப் பகுதியில் தையல் வேலையா?” என்று சில நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு வாசியுங்கள். முப்பது வருடமாகப் புடவை விற்ற நான், ஒரு பொருளின் அடக்க விலையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இந்த வேலையில்தான் சரியாகப் படித்தேன். அதற்கு நான் கொடுத்த விலையையும் பின்னால் சொல்கிறேன்.

பழைய வேலை, ஏழைகளின் வேலை

ஒட்டுப் போர்வை என்பது பணக்கார வீட்டில் பிறந்த கலை அல்ல. துணி அருமையாக இருந்த காலத்தில், கிழிந்ததையும் வீசாமல் பாவிக்க வேண்டிய தேவையில் பிறந்தது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, நூலோட்டித் தைப்பதைக் காந்தா என்பார்கள். சிந்து மாகாணத்தில் வண்ணத் துண்டுகளை இணைத்துத் தைக்கும் ரில்லி இன்றும் வழக்கில் உள்ளது.

இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில், உத்தர கன்னட மாவட்டத்தில் சித்திகள் என்ற ஆபிரிக்க வம்சாவளி மக்கள் வாழ்கின்றனர். அவர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் உள்ளனர். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். பழைய சேலையைக் கீழே விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரங்களைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்துத் தைத்து நடுவுக்கு வந்து சேர்வார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு முக்கோணத் துணிகளைப் பூப்போல வைத்து முடிப்பார்கள். குழந்தைகளுக்குச் சிறிதாகவும் பெரியவர்களுக்குப் பெரிதாகவும் தைப்பார்கள். அளவுகோலும் மெஷினும் இல்லாமல் இத்தனை அழகாகச் செய்ய முடிகிறதென்றால், சாக்கு நிறையத் துணி வைத்திருக்கும் எமக்கு என்ன குறை?

சிறியதில் தொடங்குங்கள்

புதிதாகத் தொடங்குபவர் முதலில் விடும் பிழை கட்டில் அளவுக்குத் திட்டம் போடுவதுதான். அரைவாசியில் அலுத்துப்போய், அது அலுமாரிக்குள் போய்விடும். முதல் போர்வை 35 அங்குலச் சதுரமாக இருந்தால் போதும். குழந்தையைத் தரையில் கிடத்தும் விரிப்பாகவோ, கதிரையில் போடவோ, சுவரில் தொங்கவிடவோ அது பயன்படும்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்பது குழந்தை வைத்தியர்களின் அறிவுரை. எனவே கைக்குழந்தைக்குக் கொடுப்பதானால், விழித்திருக்கும் நேரத்தில் கிடத்தும் விரிப்பு என்று சொல்லியே கொடுங்கள். பொத்தான், மணி போன்றவற்றைத் தைத்துவிட வேண்டாம்.

தேவையானவை: நிறத் துண்டுகள் கால் கிலோ அளவு. அடிப்பக்கத்துக்கு 45 அங்குல அகலத் துணியில் ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக. ஓரப்பட்டிக்குக் கால் மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக. நடு அடுக்குக்குப் பாவித்து மெலிந்த கட்டில் விரிப்பு அல்லது பிளானல். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் உள்ளவர்கள் பொலியெஸ்டர் பஞ்சு விரிப்பை நடுவில் வைக்கலாம். கொழும்பிலும் கிழக்கிலும் உள்ள வெக்கைக்குப் பழைய பருத்தி விரிப்பே சிறந்தது. அத்துடன் நல்ல பருத்தி நூல், ஊசி, கத்தரிக்கோல், தையல் சோக், தடித்த மட்டை ஒன்று.

துணியைத் தெரிதல்

பருத்தியோடு பருத்தியைத்தான் சேர்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் சில இழைகளை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகிவிடும். இழுபடும் பனியன் துணியை நெய்த துணியோடு சேர்த்தால் சதுரம் சதுரமாக நிற்காது.

வெட்டுவதற்கு முன்னர் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். கழுவாத புதுத்துணி தைத்த பின்னர் சுருங்கும். சிவப்பும் கடும் நீலமும் சாயம் விடுகின்றனவா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் பிடித்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். ஒரு துண்டின் சாயம் முழுப் போர்வையையும் கெடுத்துவிடும்.

ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத் துண்டுகள் எமது நாட்டில் கிலோக் கணக்கில் விற்பனையாகின்றன. மருதமுனைக் கைத்தறிச் சாரன் துண்டும், பத்திக் துண்டும் கிடைத்தால் போர்வைக்குத் தனி அழகு வரும். கைத்தறித் துணி ஓரம் பிரியும். ஆகவே இணைக்கும் போது தையலை நெருக்கமாகப் போட வேண்டும்.

வெட்டும் முறையும் இணைக்கும் முறையும்

மட்டையை ஐந்தரை அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். அதைத் துணியில் வைத்துச் சோக்கால் வரைந்து 49 துண்டுகளை வெட்டுங்கள். ஐந்தரையில் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, ஐந்து அங்குலம் வெளியே தெரியும். ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு துண்டு; ஏழைந்து முப்பத்தைந்து. மட்டையின் விளிம்பு துணியின் இழையோடு நேராக இருக்க வேண்டும். கோணலாக வைத்து வெட்டினால் துண்டு இழுபட்டு வளையும்.

கடும் நிறம் 25, வெளிர் நிறம் 24 எடுத்துக்கொள்ளுங்கள். தாம் பலகை போல மாற்றி மாற்றி அடுக்கினால் நான்கு மூலையிலும் கடும் நிறம் வந்து, போர்வைக்கு ஒரு கட்டுக்கோப்பு கிடைக்கும். தைக்கத் தொடங்குமுன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எட்ட நின்று ஒரு நாள் பாருங்கள். மனம் பிடிக்காத துண்டு அந்த ஒரு நாளில் தானாகக் கண்ணில் குத்தும்.

இரண்டு துண்டுகளின் நல்ல பக்கத்தை உள்ளே வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் கோடு வரைந்து, நூலோட்டித் தைக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் நல்ல அளவு. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு பின்தையல் போட்டால் பிரியாது. முதலில் ஏழு வரிசைகளையும் தனித்தனியே தைத்துவிட்டு, பின்னர் வரிசையோடு வரிசையைச் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு இணைப்பின் மடிப்பையும் கடும் நிறத் துண்டின் பக்கம் சாய்த்து அயன் செய்யுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த வரிசையின் மடிப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டையும் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, நான்கு மூலைகளும் ஒரு புள்ளியில் வந்து நிற்கும். பொருந்தியதை விரல் நுனியாலேயே அறியலாம்.

கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான். ஓர் இணைப்புக்கு அரைக்கால் அங்குலத் துணி கூடுதலாகப் போனால், ஆறு இணைப்புகளில் வரிசை முக்கால் அங்குலம் குறைந்துவிடும். ஒரு வரிசை குறைந்து மற்றது குறையாவிட்டால் எத்தனை இழுத்தாலும் பொருந்தாது. சிறு சிறு கவனயீனம் வருடக் கடைசியில் கணக்குப் புத்தகத்தில் வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்று அடுக்கும் ஓரமும்

மேல் துணி முடிந்ததும், அடித்துணியைத் தரையில் இறுக்கமாக விரித்து, மேலே நடு அடுக்கையும் அதன் மேல் தைத்த துணியையும் வையுங்கள். அடித்துணியும் நடு அடுக்கும் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் அதிகமாக இருக்கட்டும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிச் சுருக்கம் எடுத்து, பெரிய தையலால் தற்காலிகமாகப் பிடியுங்கள். பிறகு ஒவ்வொரு சதுரத்தின் நடுவாலும் நெடுக்காக ஏழு வரி, குறுக்காக ஏழு வரி, மூன்று அடுக்கையும் சேர்த்து நூலோட்டுங்கள். இந்தத் தையலையும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து வந்தால் நடுவில் துணி குவிந்துவிடும்.

இறுதியில் ஓரங்களைச் சமமாக வெட்டி, இரண்டரை அங்குல அகலப் பட்டிகள் நான்கை ஒன்றாக இணைத்துச் சுற்றிவர மேல்பக்கத்தில் தைத்து, பின்பக்கம் மடித்து விளிம்புத் தையல் போட்டு முடிக்க வேண்டும். அதிகம் தேய்வது ஓரம்தான். அங்கே அவசரப்பட வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். துண்டுகளை இணைக்கும் தையலின் மொத்த நீளம் 444 அங்குலம். அங்குலத்துக்கு எட்டு என்றால் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட தையல்கள். மூன்றடுக்கையும் பிடிக்கும் தையல் 490 அங்குலம். அங்குலத்துக்கு ஆறு என்றால் ஏறத்தாழ மூவாயிரம். ஓரத்தை விட்டுவிட்டாலும் ஒரு சிறிய போர்வையில் ஆறாயிரத்து ஐந்நூறு தடவை ஊசி போய் வருகிறது. இந்தக் கணக்கை 2011ஆம் ஆண்டில் நான் போட்டிருந்தால், கீழே சொல்லப்போகும் சம்பவம் நடந்திருக்காது.

நான் செய்த பிழை

என்னுடைய மூத்த ராத்தா நல்ல தையற்காரி. பேரப்பிள்ளைகளுக்கென்று வருடத்தில் இரண்டு, மூன்று ஒட்டுப் போர்வைகள் தைப்பா. என் கடைச் சாக்குதான் அவவுடைய களஞ்சியம். பின்னேரங்களில் வந்து, சாக்கைக் கொட்டி, நிறம் நிறமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போவா. அது அவவுக்கு ஒரு சந்தோசம். காசுக்காகச் செய்ததே இல்லை.

அவ தைத்த ஒன்றை நான் கடையில் தொங்கவிட்டேன். அதைப் பார்த்த பரிசுப்பொருள் வியாபாரி ஒருவர், மூன்று மாதத்தில் 40 போர்வைகள் வேண்டுமென்றார். நான் ராத்தாவிடம் கேட்காமலேயே தலையாட்டிவிட்டேன். துணிச் செலவு 600 ரூபா, விலை 1,500 ரூபா, மிச்சம் 900 ரூபா ராத்தாவுக்கு இலாபம் என்று நானே கணக்கும் போட்டேன். நாற்பதுக்கு 36,000 ரூபா வருமே என்று பெருமையாகவும் சொன்னேன்.

ராத்தாவுக்கு ஒரு போர்வை தைக்க 30 மணித்தியாலம் எடுக்கும். வெட்ட 3, இணைக்க 11, அடுக்க 2, மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்க 10, ஓரத்துக்கு 4. நாற்பது போர்வைக்கு 1,200 மணித்தியாலம். மூன்று மாதம் என்பது 90 நாள். ஒரு நாளும் ஓயாமல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தைக்க வேண்டும். வீட்டு வேலையும் சமையலும் வேறு. இந்தச் சிறிய பெருக்கலைப் புடவை வியாபாரியான நான் போட்டுப் பார்க்கவில்லை.

தம்பி வாக்குக் கொடுத்துவிட்டான் என்பதற்காக ராத்தா மறுக்கவில்லை. இராக் கண் விழித்துத் தைத்தா. கழுத்து வலி வந்தது. கண்ணாடி இலக்கம் மாறியது. நாள் முடிந்தபோது 26 போர்வைகள்தான் தயாராகியிருந்தன. அவற்றை எடுத்துக்கொண்ட வியாபாரி மீதி வேண்டாமென்று சொல்லிவிட்டார். அவரில் குற்றமில்லை, தவணை சொன்னவன் நான்.

காசைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ராத்தா எண்ணிப் பார்க்கவில்லை. “தம்பி, ஒன்ட கடையில நிக்கிற பொடியனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு குடுக்கிற?” என்று மட்டும் கேட்டா. பத்து மணித்தியால வேலைக்கு 600 ரூபாவும் பகல் சாப்பாடும் என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கடைப் பொடியனுக்கு மணிக்கு 60 ரூபா. முப்பது மணித்தியாலத்துக்கு 900 ரூபா வாங்கிய என் ராத்தாவுக்கு மணிக்கு 30 ரூபா. இலாபம் என்று நான் சொன்ன அந்த 900 ரூபா, கூலியில் அரைவாசிகூட ஒழுங்காகத் தேறாத காசு.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ராத்தா ஊசியைத் தொடவில்லை. என் கடைச் சாக்கும் நிரம்பி வழிந்தது. நட்டம் என்று நான் எழுதிய கணக்குகள் பல உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுத முடியாத நட்டம் இது.

கூலியை இலாபம் என்று சொல்லாதீர்கள்

எம்மவர் பலர் வீட்டுக் கைத்தொழிலுக்கு விலை போடும்போது இதே பிழையைத்தான் செய்கிறோம். வாங்கிய பொருளுக்குச் செலவு எழுதுகிறோம். வீட்டுப் பெண்ணின் நேரத்துக்கு எதுவும் எழுதுவதில்லை. விற்ற காசில் பொருட்செலவைக் கழித்து மிச்சத்தை இலாபம் என்கிறோம். முதலில் கழிக்க வேண்டியது கூலி. கூலி கழித்த பின்னர் மிஞ்சுவதுதான் இலாபம்.

இன்றைய நிலையில் ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 2025இல் நிறைவேற்றப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி தேசிய குறைந்தபட்ச நாளாந்த வேதனம் 2025 ஏப்ரல் முதல் 1,080 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 1,200 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. எட்டு மணித்தியாலத்தால் 1,200ஐப் பிரித்தால் மணிக்கு 150 ரூபா. முப்பது மணித்தியாலத்துக்கு 4,500 ரூபா. துணி, நூல், நடு அடுக்கு எல்லாமாக 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 6,500. பழுதுக்கும் போக்குவரத்துக்கும் பத்து வீதம் சேர்த்தால் 7,150 ரூபா. இது அடக்க விலை. இதில் இலாபம் என்று ஒரு சதமும் இல்லை. விற்கும் கடை தனக்கு விலையில் மூன்றிலொன்று வைத்தால் கடை விலை 10,725 ரூபாவாக இருக்க வேண்டும்.

இந்த விலைக்கு யார் வாங்குவார் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. புறக்கோட்டையில் மெஷினில் செய்த இறக்குமதிக் குழந்தைப் போர்வை இதைவிட எத்தனையோ மலிவு. குளிருக்கு வாங்குபவர் அதைத்தான் வாங்குவார், வாங்கவும் வேண்டும். அந்த விலையோடு கைத்தையல் போட்டிபோட முடியாது, போடவும் கூடாது. கைப்போர்வையை வாங்குபவர் வேறு ஆள். தாயின் பழைய சேலையை, பிள்ளையின் சிறு வயதுச் சட்டையைக் கொண்டுவந்து “இதை வீசாமல் ஒன்றாக்கித் தாருங்கள்” என்பவர் அவர். நினைவாக வைத்திருக்க வாங்குபவர் அவர். அப்படிப்பட்டவர்கள் ஊருக்குச் சிலர்தான். எனவே இது அளவான வியாபாரம்.

தையல் மெஷினில் தைத்தால் இதே போர்வையைப் பத்து மணித்தியாலத்துக்குள் முடிக்கலாம். 1,500 ரூபா கூலி, 2,000 ரூபா பொருள், அடக்கம் 3,500. அதுவும் நல்ல பொருள்தான், அதற்கும் சந்தை உண்டு. ஆனால் மெஷினில் தைத்ததைக் கைத்தையல் என்று சொல்லி விற்பது மோசடி. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே தையல் தெரிந்தவருக்கு உண்மை தெரியும்.

ஜீஸ் பெண்ட் சொல்லும் செய்தி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்தோடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினத்தவர்களின் ஊர் அது. அங்குள்ள பெண்கள் பழைய வேலைச் சட்டைகளையும் காற்சட்டைகளையும் வெட்டி, வீட்டுக் குளிருக்காகப் போர்வை தைத்து வந்தனர்.

1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பை ஆரம்பித்தனர். 1972இல் சியர்ஸ் என்ற பெரிய வர்த்தக நிறுவனத்துக்குக் கோர்டுரோய் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. அந்த வேலையால் வருமானம் வந்தது. வெட்டி மிஞ்சிய கோர்டுரோய் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம் மனம் போனபடி போர்வைகளாகத் தைத்தனர்.

2002இல் ஹூஸ்டன் நகரிலும், தொடர்ந்து நியூயோர்க்கின் விட்னி நூதனசாலையிலும் ஜீஸ் பெண்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றில் அந்த மிச்சத் துண்டுகளால் தைத்தவையும் இருந்தன. 2006இல் அமெரிக்கத் தபால் சேவை அப்போர்வைகளை முத்திரைகளில் அச்சிட்டது. ஒப்பந்தத்துக்குத் தைத்த தலையணை உறைகளை இன்று எவரும் தேடுவதில்லை. மிச்சத்தில், தமக்கென்று தைத்தவை நூதனசாலையில் தொங்குகின்றன.

கதை அத்தோடு முடியவில்லை. தமது போர்வைகளாலும் அவற்றின் வடிவங்களாலும் பிறர் உழைத்த பணத்தில் தமக்கு உரிய பங்கு கிடைக்கவில்லையென்று சில பெண்கள் 2007இல் வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டு வழக்குகள் முடிவுக்கு வந்தன. பின்னர் 2021இல், அவ்வூர்ப் பெண்கள் தமது போர்வைகளை இணையச் சந்தையில் தாமே விலை போட்டு விற்க வழி செய்யப்பட்டது.

இதில் எமக்குள்ள பாடம் இதுதான். காசுக்குச் செய்யும் வேலை ஒன்று, மனதுக்குச் செய்யும் வேலை ஒன்று. இரண்டும் நல்லவை. இரண்டையும் ஒருவரே செய்யலாம். ஆனால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். மனதுக்குச் செய்வதை, கணக்குப் பார்க்காமல் தவணை வேலையாக்கினால் சந்தோசமும் போகும், காசும் வராது. விலையைத் தைப்பவர் சொல்ல வேண்டும். இடையில் நிற்பவர் தன் பங்கை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வியாபாரிகள் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டில் எவராவது இப்படித் தைக்கிறார் என்றால், விற்கச் சொல்லி உந்துவதற்கு முன்னர் ஒரு சிறிய கொப்பியைக் கொடுங்கள். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் அவர் எழுதட்டும். மூன்று போர்வைகளின் நேரத்தை எழுதிய பின்னரே விலையைப் பற்றிக் கதையுங்கள். அப்போதும் அவர் “விற்க மாட்டேன், பேரப்பிள்ளைக்குத்தான்” என்றால் விட்டுவிடுங்கள். எல்லாத் திறமையையும் கடைக்குக் கொண்டுவரத் தேவையில்லை.

கட்டளை எடுப்பதானால் மாதம் எத்தனை முடியும் என்று தைப்பவரிடம் கேட்டே எடுங்கள். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் தைப்பவருக்கு ஒரு போர்வைக்குப் பதினைந்து நாள். இடையில் விருந்தும் வரும், சுகயீனமும் வரும். எனவே மாதம் ஒன்றுக்கு மேல் வாக்குக் கொடுக்க வேண்டாம். முற்பணமாகப் பொருட்செலவையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

புடவைக் கடைக்காரர்களுக்கு இதில் இன்னொரு வழியும் உண்டு. போர்வையை விற்பதைவிடப் போர்வை தைப்பவருக்குப் பொருள் விற்பது இலகுவானது. அமெரிக்காவில் ஐந்து அங்குலச் சதுரங்களாக வெட்டி, நிறம் பொருத்திக் கட்டிய துண்டுகளை ‘சார்ம் பெக்’ என்ற பெயரில் கடைகளில் விற்கிறார்கள். எங்கள் சாக்கில் கிடக்கும் பருத்தித் துண்டுகளைத் தரம் பிரித்து, ஐந்தரை அங்குலமாக வெட்டி, 49 துண்டுகளை ஒரு பொதியாக்கி, பொருத்தமான அடித்துணியையும் நூலையும் சேர்த்து வைத்தால் அது ஒரு விற்பனைப் பொருள். வெட்டுக்கூலியையும் விலையில் சேர்க்க மறக்க வேண்டாம். பத்துப் பொதிகளோடு தொடங்கிப் பாருங்கள். போனால் மேலும் பத்து. போகாவிட்டால் சாக்கு இருக்கவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று

ஒன்றரை வருடத்துக்குப் பின் ராத்தா ஒரு நாள் கடைக்கு வந்தா. சாக்கைக் கொட்டி 49 துண்டுகளுக்கு அளவாகத் துணியெடுத்து, ஓர் ஊசியோடு என்னிடம் தந்து, “ஒண்டு தைச்சுப் பாரு, பொறகு வெல சொல்லு” என்றா. தண்டனையாக நினைத்துத்தான் தொடங்கினேன். கடை பூட்டி, இராச் சாப்பாடு முடிந்த பின்னர் தினமும் ஒரு மணித்தியாலம். நேரத்தையும் எழுதி வந்தேன். எனக்கு 41 மணித்தியாலம் சென்றது. மூலைகள் பல இடங்களில் பொருந்தவில்லை. நான்காவது வரிசை அரை அங்குலம் குறைவு. ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலத்தில் செக்கும் கடனும் என் மனதில் இல்லை. அன்றிலிருந்து வருடத்துக்கு ஒன்றாவது தைக்கிறேன். ஒன்றையும் விற்றதில்லை.

ராத்தா இப்போது வருடத்தில் நான்கு போர்வைகள் தைக்கிறா. இரண்டு குடும்பத்துக்கு, இரண்டு விற்பனைக்கு. விலையை அவவே சொல்லுவா. யாராவது குறைத்துக் கேட்டால் நேரம் எழுதிய கொப்பியை எடுத்து முன்னால் வைப்பா. கொப்பியைப் பார்த்த பிறகு பேரம் பேசியவர் குறைவு.

முதல் போர்வையின் மூலைகள் பொருந்தாவிட்டால் கவலைப்பட வேண்டாம். அதைக் கடையில் உங்கள் கதிரையில் போட்டு வையுங்கள். யாராவது கைவேலை ஒன்றைக் கொண்டுவந்து விலை சொல்லும்போது, “இவ்வளவா?” என்று வாயெடுக்கும் முன் அது உங்கள் முதுகில் படும்.